சீலிங்குக்குள் லைட் பதிக்கிறீங்களா? மூடுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்க வேண்டிய 6 படங்கள்

வீடு வீரகேரளம்புதூரில். சம்பளம் வருவது சென்னையிலோ பெங்களூருவிலோ. தென்காசி மாவட்டத்தில் பல வீடுகள் இன்று இப்படித்தான் புதுப்பிக்கப்படுகின்றன. மகனோ மகளோ மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெயின்ட் நிறம், டைல்ஸ் டிசைன், கதவுக் கைப்பிடி என எல்லாமே போனில் படமாக வந்து ஒப்புதல் வாங்குகிறது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் பெரும்பாலும் படமாக வருவதில்லை. ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதற்குள் 12 லைட் பதித்து, எல்லாம் எரியும்போது எடுத்த படம் வரும். அந்தச் சீலிங்குக்கு மேலே ஒயர் எப்படிப் போகிறது, எங்கே இணைத்திருக்கிறார்கள், எதைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, எல்லாம் எல்இடி தான" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

எல்இடி என்பதால் ஆபத்து குறைவு என்பது பாதி உண்மை. மீதிப் பாதி சீலிங்குக்கு மேலே இருக்கிறது. அதை ஒருமுறை மூடிவிட்டால், அடுத்த 10, 15 வருடங்களுக்கு யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அதன் கீழேதான் வீட்டில் இருப்பவர்கள் தூங்கப் போகிறார்கள். எனவே மூடும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டவுன்லைட்டில் என்னென்ன இருக்கிறது?

கடையில் 'டவுன்லைட்', 'கன்சீல்டு லைட்', 'பேனல் லைட்' என்று பல பெயர்களில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே வகைப் பொருள்தான். சீலிங்கில் வட்டமாகவோ சதுரமாகவோ ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் உள்ள ஸ்பிரிங் கிளிப்பை மடக்கி உள்ளே தள்ளினால் பலகையைப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து பார்த்தால் வெளிச்சம் மட்டும் தெரியும்.

மேலே மூன்று பொருள்கள் இருக்கும். ஒன்று, எல்இடி சில்லுகளின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு. இரண்டு, 'டிரைவர்' எனப்படும் சின்னப் பெட்டி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இதுதான். மூன்று, வீட்டு ஒயரும் டிரைவர் ஒயரும் சேரும் இணைப்பு. லைட் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடும்போது, பல நேரம் உண்மையில் கெட்டிருப்பது டிரைவர்தான். அது கெடுவதற்கு முக்கியக் காரணம் சூடு. டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் பொதுவான கணக்கு. காற்றோட்டமே இல்லாத கூரைக்குள் டிரைவரை லைட்டின் முதுகிலேயே படுக்க வைத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

9 வாட் லைட்டில் ஆபத்து எங்கிருந்து வரும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9 வாட் லைட் 12 என்றால் மொத்தம் 108 வாட். 230 வோல்ட்டில் இது அரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. மலிவான டிரைவர்கள் கூடுதலாக இழுத்தாலும் ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான் இருக்கும். இந்தச் சுமைக்கு எந்த ஒயரும் சூடாகாது. எலெக்ட்ரீஷியன் சொல்வது இதுவரை சரிதான்.

பிரச்சினை 'லூப்' அடிப்பதில் தொடங்குகிறது. லைட்டுக்கு வந்த ஒயரையே நீட்டி, பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயிண்டுக்கும் கொடுத்துவிடுவார்கள். ஒயர் மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும். அந்த பிளக்கில் ஒருநாள் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால், 4 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் சீலிங்குக்குள் இருக்கும் அதே இணைப்பு வழியாகப் பாயும்.

அந்த இணைப்பு இரண்டு ஒயரை முறுக்கி, மேலே டேப் சுற்றியதாக இருந்து, காலப்போக்கில் தளர்ந்து, அரை ஓம் மின்தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைட் மட்டும் எரியும்போது அங்கே உண்டாகும் வெப்பம் 0.1 வாட்டைச் சுற்றி, ஒன்றும் தெரியாது. இஸ்திரிப் பெட்டி ஓடும்போது அதே இடத்தில் 9 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று பள்ளியில் படித்த ஜூல் விதிதான் இது. விரல் நுனி அளவு இடத்தில், காற்று போகாத டேப்புக்குள் 9 வாட் என்பது பிளாஸ்டிக்கை இளக்கப் போதுமான சூடு.

இதில் கவனிக்க வேண்டியது, லைட், இஸ்திரிப் பெட்டி இரண்டும் சேர்ந்தாலும் 5 ஆம்பியரைத் தாண்டவில்லை. 6 ஆம்பியர் எம்சிபி இதை வழக்கமான சுமை என்றே நினைக்கும், டிரிப் ஆகாது. அதனால் சீலிங்குக்குள் இருக்கும் லைட் சர்க்யூட்டிலிருந்து பிளக் பாயிண்ட் எடுக்கக் கூடாது. இணைப்புகள் முறுக்கிய டேப்பாக இருக்கக் கூடாது. திருகு வைத்த கனெக்டரோ அழுத்திப் பிடிக்கும் லீவர் கனெக்டரோ போட்டு, அதை மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைக்க வேண்டும். ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்டுக்கு மேல் வேண்டாம், மொத்தச் சுமை 800 வாட்டைத் தாண்ட வேண்டாம் என்பது இந்திய வயரிங் வேலையில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு. ஹாலில் 12 லைட் என்றால் இரண்டாகப் பிரிப்பது நல்லது. ஒன்றில் கோளாறு வந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது என்ன?

கூரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு பெரிய உதாரணம். 2009-ல் அந்நாட்டு அரசு, வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பத் தடுப்புப் பஞ்சு விரிக்க மானியம் கொடுத்தது. ஏராளமான வீடுகளில் அவசர அவசரமாக வேலை நடந்தது. அனுபவம் இல்லாத இளைஞர்கள் பலர் இதில் இறங்கினார்கள். பல வீடுகளின் சீலிங்கில் ஏற்கனவே ஹாலஜன் டவுன்லைட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் பஞ்சு மூடியபோது, சூடு போக வழியில்லாமல் போனது.

200-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் இந்தத் திட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. 4 இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் மூவர் கூரைக்குள் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கடும் வெப்பத்தாலும் உயிரிழந்தனர். 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் 2014-ல் அறிக்கை கொடுத்தது.

நம் ஊர் வீடுகளில் இன்று ஹாலஜன் குறைவு. கூரைக்குள் பஞ்சு விரிப்பதும் அபூர்வம். ஆனால் தகரக் கூரையின் வெயிலைத் தடுக்க கண்ணாடிப் பஞ்சு, தெர்மாகோல், பளபளப்பான ஃபாயில் ஷீட் வைக்கும் பழக்கம் பரவிவருகிறது. அப்படி வைத்திருந்தால் லைட்டுக்கும் டிரைவருக்கும் மேலே அவை படியாதபடி சுற்றிலும் இடம் விட வேண்டும். அமெரிக்க மின் விதிகள், மூடுவதற்கென்று தயாரிக்கப்படாத பதிப்பு லைட்டுகளைச் சுற்றி 3 அங்குலம் வரை வெப்பத் தடுப்புப் பொருள் இருக்கக் கூடாது என்கின்றன. அந்த அளவை இங்கேயும் பின்பற்றலாம்.

உங்க வீட்டுச் சீலிங் எந்த வகை?

ஜிப்சம் போர்டு: தீ விஷயத்தில் நல்ல தேர்வு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர். சூடு பட்டால் அந்த நீர் ஆவியாகி, தீ பரவுவதைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். ஆனால் தண்ணீர் ஒழுகினால் பலகை ஊறி, தொய்ந்து, லைட்டோடு கீழே வரும்.

பிவிசி பேனல்: ஈரத்துக்குப் பயப்பட வேண்டாம், விலையும் வேலையும் எளிது. ஆனால் சூட்டில் இளகும். எரிந்தால் வரும் புகை மூச்சை அடைக்கும், கண்ணை எரிக்கும். இந்த வகைச் சீலிங்கில் குறைந்த வாட் லைட்டுகளே நல்லது.

தெர்மாகோல்: மின் ஒயரும் தெர்மாகோலும் ஒட்டியே இருக்கக் கூடாது. பிவிசி ஒயரை வளையும் தன்மையோடு வைத்திருக்கும் வேதிப்பொருளைத் தெர்மாகோல் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். தெர்மாகோல் உருகிக் குழியும். ஒயரின் மேலுறை விறைத்து வெடிக்கும். ஒயரைப் பைப்புக்குள் கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை.

கான்கிரீட் தளம்: புது வீடு என்றால், சென்ட்ரிங் அடித்து கம்பி கட்டும்போதே லைட்டுக்கான பெட்டியையும் பைப்பையும் வைத்துவிட வேண்டும். ஏற்கனவே போட்ட தளத்தை உளியால் கொத்தி லைட் பதிக்க யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். வீட்டுத் தளத்தில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே இருக்கும் கான்கிரீட் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. கொத்தினால் கம்பி வெளியே வரும், துருப்பிடிக்கும், தளமே பலவீனமாகும். பழைய தளத்துக்குப் பதிப்பு லைட் வேண்டாம். மேலே ஒட்டினாற்போல் மாட்டும் 'சர்ஃபேஸ்' வகை லைட்டே போதும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஓடு, ஷீட் கூரையின் கீழ் சீலிங்: மதிய வெயிலில் இந்த இடைவெளி கொதிக்கும். எலியும் இங்கேதான் குடியிருக்கும். ஒயர் முழுவதும் பைப்புக்குள் போக வேண்டும். பைப்பின் வாய்கள் திறந்து கிடக்கக் கூடாது.

சாரல் காலமும் கூரைக் கசிவும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் முழுக்கச் சாரலும் ஈரக் காற்றும்தான். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பேய்மழையில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, தென்காசி மாவட்டமும் அந்த மழையில் தப்பவில்லை. அப்படிப்பட்ட மழையில் ஒழுகாத தளம் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது குறைவு.

ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் தளம் ஒழுகினால் உடனே தெரியாது. தண்ணீர் சீலிங் பலகையின் மேல் தேங்கி, தாழ்வான ஓட்டையைத் தேடி இறங்கும். அந்த ஓட்டை பெரும்பாலும் லைட்டாகத்தான் இருக்கும். அதனால் சீலிங் வேலைக்கு முன் மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது அவசியம். கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்; லைட் அதற்கு அப்புறம்.

குளியலறை, வெளித் திண்ணை, கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்கு லைட் வாங்கும்போது பெட்டியில் 'ஐபி' எண்ணைப் பாருங்கள். அதில் முதல் இலக்கம் தூசி, பூச்சிக்கான பாதுகாப்பு. இரண்டாவது தண்ணீருக்கான பாதுகாப்பு. ஹாலுக்கு வாங்கும் ஐபி 20 வகைக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பே கிடையாது. குளியலறையில் ஷவருக்கு மேலும், சாரல் அடிக்கும் இடத்திலும் ஐபி 65 போன்றவை நல்லது.

ஏற்கனவே உள்ள லைட்டுக்குள் தண்ணீர் தெரிந்தால் ஸ்விட்சை அணைப்பதோடு நிற்க வேண்டாம். அந்த சர்க்யூட்டின் எம்சிபியையே இறக்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லைட்டை இழுத்து, தண்ணீரை வடிய விடும் வேலையை வீட்டில் யாரும் செய்யக் கூடாது.

மெயினை அணைச்சாச்சு. இன்வெர்ட்டர்?

வேலை செய்பவருக்கு வரும் ஆபத்துகளில் அதிகம் மறக்கப்படுவது இது. பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் இணைத்திருப்பது லைட், ஃபேன் சர்க்யூட்டுகளுக்குத்தான். மெயின் ஸ்விட்சை அணைத்தால், கரன்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும். ஏணியில் நிற்பவர் தொடப்போகும் அதே ஒயரில் மறுபடியும் 230 வோல்ட் வந்துவிடும். ஏணியில் இருக்கும்போது லேசாக ஷாக் அடித்தாலும், கீழே விழுந்து தலையில் அடிபடுவதுதான் உயிரைப் பறிக்கும்.

எனவே மூன்றையும் செய்ய வேண்டும். மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் அவுட்புட்டைத் துண்டிக்க வேண்டும். சோலார் பேட்டரி அமைப்பு இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும். பிறகு, எரிகிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பாயிண்டில் டெஸ்டரை முன்கூட்டியே சோதித்து வைத்து, அதே டெஸ்டரால் வேலை செய்யும் ஒயரில் மின்சாரம் இல்லை என்று பார்க்க வேண்டும். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் விளக்கு எரியாது; அதை நம்பிக் கை வைத்தால் கதை முடிந்துவிடும். டிபி பாக்ஸ் பக்கத்தில் ஒருவர் நின்று, யாரும் ஸ்விட்சைப் போடாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

மேசை மேல் நாற்காலி போட்டு ஏறும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் வாடகைக்கு நல்ல ஏணி கிடைக்கும். மரம் அல்லது ஃபைபர் ஏணியாக இருந்தால் இன்னும் நல்லது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும்.

டிபி பாக்ஸில் ஆர்சிசிபி இருக்கிறதா?

எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பாமல், ஒருவரின் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் இது கண நேரத்தில் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-ல் வந்தன, 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவிலான கசிவுத் தடுப்புக் கருவியையே அவை குறிப்பிடுகின்றன. 100 மில்லி ஆம்பியர் வகையைப் போட்டு, "ஆர்சிசிபி போட்டாச்சு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அதில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே டிரிப் ஆனால் நல்லது.

இன்வெர்ட்டர் வீடுகளில் சர்க்யூட்டுகளின் நியூட்ரல்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தால் ஆர்சிசிபி அடிக்கடி விழும். அதற்குத் தீர்வு நியூட்ரலைப் பிரிப்பதுதான். "தொல்லையா இருக்கு" என்று ஆர்சிசிபியையே கழற்றிவிடுவது தீர்வாகாது. ஒரு கையால் ஃபேஸையும் இன்னொரு கையால் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் ஆர்சிசிபி காப்பாற்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எர்த் ஒயரும் முக்கியம். உலோக உடல் கொண்ட லைட்டில் எர்த் முனை இருந்தால் பச்சை ஒயர் கட்டாயம் அங்கே போக வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் தேவையில்லை. ஸ்விட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்த வீட்டில், அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். லைட் அணைந்தாலும் ஒயரில் மின்சாரம் அப்படியே இருக்கும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

நாமே செய்யலாமா?

கெட்டுப்போன பல்பையோ ஸ்விட்சையோ அதே அளவில் மாற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் புதுப் பாயிண்ட் இழுப்பது, சர்க்யூட்டை நீட்டுவது, மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பதே விதி. தமிழ்நாட்டில் மின் கம்பியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் அரசு தகுதிச் சான்று வழங்குகிறது. நாள்கூலிக்கு முன் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சீலிங் போடும் ஆளே வயரிங்கும் செய்துவிடுகிறேன் என்றால், இந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

கடையில் என்ன பார்ப்பது?

சீலிங்கில் பதிக்கும் எல்இடி லைட்டுகள் இந்தியத் தர அமைவனமான பிஐஎஸ்-ன் கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. பெட்டியிலும் லைட்டிலும் 'ஆர்' எழுத்தோடு 8 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். டிரைவரும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டிய பொருள்தான். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பொருள் என்றால் வாங்காதீர்கள். ஒயருக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் பாருங்கள். லைட் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தாராளம். தீயில் பரவாத, புகை குறைந்த எஃப்ஆர்எல்எஸ் வகையை மூடிய கூரைக்குள் போடுவது நல்லது.

எல்இடி விலை பற்றி ஒரு தகவல். மத்திய அரசின் திட்டத்துக்காக 2014-ல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யப்பட்ட பல்ப், 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. லைட் மலிவானதால் ஒரு அறையில் ஒன்று இருந்த இடத்தில் இன்று எட்டு வைக்கிறோம். இணைப்புகளும் அத்தனை மடங்கு கூடியிருக்கின்றன.

உண்மையில் எத்தனை லைட் தேவை?

10 அடிக்கு 12 அடி படுக்கையறையின் பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். பொதுவான வெளிச்சத்துக்கு 150 லக்ஸ் என்று எடுத்துக்கொண்டு, சுவரிலும் சீலிங்கிலும் வீணாவதையும் சேர்த்தால் 3,000 லூமென் போதும். 8 வாட் டவுன்லைட் நான்கு வைத்தால் கணக்கு முடிந்தது. 12 அடிப் பக்கத்தில் சுவரிலிருந்து 3 அடி தள்ளி, இடையில் 6 அடி; 10 அடிப் பக்கத்தில் சுவரிலிருந்து இரண்டரை அடி, இடையில் 5 அடி.

நடுவில் ஃபேன் இருக்கிறதே? 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை வரும். மேலே சொன்ன இடத்தில் லைட் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 4 அடி தள்ளி இருக்கும். லைட் இறக்கைக்கு நேர் மேலே வந்தால் அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும், தலைவலிதான் மிச்சம். ஃபேன் கொக்கி கான்கிரீட் தளத்திலிருந்து வர வேண்டும். சீலிங் சட்டத்தில் தொங்கக் கூடாது. படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேராகவும் லைட் வேண்டாம். வயதானவர்களுக்குக் கண் கூச்சம் அதிகம்.

அந்த 6 படங்கள்

ஊரில் வேலை நடக்கும்போது, சீலிங் பலகை ஏற்றுவதற்கு முன் இவற்றை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய பிறகே அடுத்த தவணைப் பணம் என்று முதலிலேயே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது.

1. திறந்த டிபி பாக்ஸ். ஆர்சிசிபியில் 30 மில்லி ஆம்பியர், லைட் சர்க்யூட்டில் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி என்று எழுத்து தெரிய வேண்டும்.

2. லைட், டிரைவர், ஒயர் ஆகியவற்றின் லேபிள். பதிவு எண்ணைச் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம்.

3. மூடி திறந்த ஜங்ஷன் பாக்ஸ். உள்ளே கனெக்டர் தெரிய வேண்டும். டேப் மட்டும் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

4. பைப் போகும் பாதை, அறை முழுவதும் தெரியும்படி அகலமாக. சுவரிலிருந்து அளவு நாடா வைத்து எடுத்தால், நாளை திரைச்சீலைக் கம்பிக்கு ஓட்டை போடும்போது ஒயரைத் துளைக்க மாட்டீர்கள்.

5. டிரைவர் வைக்கும் இடம். லைட்டின் முதுகிலிருந்து தள்ளி, பஞ்சோ தெர்மாகோலோ தொடாமல், மேலே தளத்துக்கு 4 அங்குலமாவது இடைவெளியோடு இருக்க வேண்டும்.

6. 'மெகர்' கருவியின் அளவு. டிரைவர்களை இணைக்கும் முன் 500 வோல்ட்டில் சோதிக்கும்போது, ஒயர் காப்பின் மின்தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். புது ஒயரில் இதைவிடப் பல மடங்கு வரும். 1-க்குப் பக்கத்தில் நின்றால் எங்கோ ஒயர் காயப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இந்தப் படங்களை போன் கேலரியில் தொலைத்துவிடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வரும் எலெக்ட்ரீஷியனுக்கு அதுதான் வரைபடம்.

எரியத் தொடங்கிய பிறகு

முதல் நாள் இரவு எல்லா லைட்டையும் 3 மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, அணைத்த பின் லைட்டைச் சுற்றியுள்ள சீலிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு கூடாது. அதன் பிறகு வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டிய அறிகுறிகள் ஐந்து: மீன் வாடை போன்ற அல்லது பிளாஸ்டிக் கருகும் வாடை, லைட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம், மேலே 'சிர்ர்' என்ற சத்தம், ஃபேன் போட்டால் லைட் மினுக்குவது, ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவது.

இவற்றில் எது நடந்தாலும், விழுந்த ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட வேண்டாம். அந்த சர்க்யூட்டை இறக்கியே வைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் வரும்வரை டார்ச்சில் சமாளிக்கலாம். சீலிங்கிலிருந்து புகை வந்தால் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 101-ஐயோ 112-ஐயோ அழைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. தெருவில் உள்ள மின்கம்பம், சர்வீஸ் ஒயர் வரை வரும் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

மெயின் எங்கே, இன்வெர்ட்டர் ஸ்விட்ச் எங்கே, எதை முதலில் அணைப்பது என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியுமா? டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டிய முதல் வேலையாக அதை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் போதும்.